பில்லும் டேப்பும் பெயிண்ட் டப்பாவும்

மரம் பொறுப்பாகப் பராமரிக்கப்படும் காட்டிலிருந்து வந்தது என்று காட்டும் எஃப்.எஸ்.சி. (வனப் பொறுப்பாண்மைக் குழு) சான்று காட்டோடு முடிந்துவிடுவதில்லை. வாங்கி விற்பவர், அறுப்பவர், இழைப்பவர் என மரம் கைமாறும் இடமெல்லாம் சங்கிலிச் சான்று தொடர வேண்டும். நடுவில் ஒருவரிடம் இல்லையென்றால் அங்கிருந்து அது சாதாரண மரம்தான்.

மில்லுக்கு லோடு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பில். விற்றவரின் சான்று எண்ணும், 'எஃப்.எஸ்.சி. 100%' (முழுதும் சான்றுள்ள காட்டு மரம்) அல்லது 'எஃப்.எஸ்.சி. மிக்ஸ்' (அனுமதிக்கப்பட்ட வேறு மரமும் கலந்தது) என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். சான்றிதழின் ஜெராக்ஸை ஃபைலில் போட்டுவைத்தால் போதாது. எஃப்.எஸ்.சி. இணையப் பதிவேட்டில் எண்ணைப் போட்டு, சான்று நடப்பில் உள்ளதா, நாம் வாங்கும் சரக்கு அதில் அடங்குமா என்று பார்த்துவிட வேண்டும். குறிப்பு விடுபட்டிருந்தால், திருத்திய பில் வரும்வரை அந்த லோடில் ரம்பம் வைக்கக் கூடாது.

அதிகம் சறுக்குவது அளவில்தான். நம் மரவாடிகளில் ஹாப்பஸ் முறை பழக்கம்: சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 120 செ.மீ. சுற்றளவும் 3 மீட்டர் நீளமும் உள்ள தடிக்கு இது 0.27 கன மீட்டர் காட்டும். உண்மையான கன அளவு 0.344. ஹாப்பஸ் அளவு எப்போதும் அசலில் 78.5 சதவீதம்தான். அசலில் 10 கன மீட்டர் உள்ள லோடை 7.85 என்று எழுதிவிட்டு 5 கன மீட்டர் பலகை எடுத்தால், 50 சதவீத விளைச்சல் ஏட்டில் 64 ஆகத் தெரியும். கூடுதல் பலகை எங்கிருந்து வந்தது, சான்றில்லாத மரம் கலந்ததா என்று தணிக்கையாளர் கேட்பார். கேட்பது நியாயம். கொள்முதல் பதிவேட்டிலேயே எந்த முறை அளவு என்று ஒரு பத்தி போட்டுவிட்டால் இந்தத் தலைவலி வராது.

களத்தில், சான்று மரத்தின் இரு முனையிலும் ஒரே நிறப் பெயிண்ட் அடிக்கிறோம். ஆனால் முனையை வெட்டியதும் அடையாளமும் போய்விடும். அதனால் அறுத்த பலகைக்கு உடனே மறுபடி அடிக்க வேண்டும். உலர்த்தும் அறைக்குப் போன பிறகு என்று தள்ளிப்போட்டால் கலந்துவிடும். சான்று மரத்தை ஷிப்டின் தொடக்கத்தில், பெஞ்சைச் சுத்தம் செய்தபின் அறுப்பது நல்லது. அடையாளம் இல்லாத துண்டு எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் சாதாரண மரத்தோடு சேர்த்துவிட வேண்டியதுதான். நல்ல தேக்குத் துண்டாக இருந்தாலும் அப்படித்தான்.

பில், அளவு, விற்பனைப் பதிவுகள் 5 ஆண்டுக்கு இருக்க வேண்டும். 15 பேருக்கு மேல் ஆள் இல்லாத சிறு மில்கள், பலர் சேர்ந்து எடுக்கும் குழுச் சான்றில் சேரலாம்; தணிக்கைச் செலவு பங்காகும். பெயிண்ட் டப்பாவும் டேப்பும் மட்டும் அவரவர் மில்லில் அவரவர் பிடிக்க வேண்டியவை.