இரண்டாம் வகுப்புக்கு எதற்கு வீட்டுப்பாடம்?

சென்ற ஜூலையில் ஒரு நாள் இரவு, இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பத்து ஆங்கிலச் சொற்களை ஐந்தைந்து முறை எழுதும் வேலையில் பாதியைக்கூட முடிக்காமல், நோட்டின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். மணி ஒன்பதரை. மறுநாள் டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வந்துவிடுமே என்று பயந்து, எஞ்சிய வரிகளை அவளுடைய கோணல் எழுத்திலேயே நான் எழுதி முடித்தேன். ஆசிரியையும் அதற்குச் சரி போட்டு அனுப்பினார். எந்த நோட்டையும் வாசலிலிருந்தே நீட்டிக்கொண்டு ஓடி வருபவள், அன்று அதைப் பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. அது நான் எழுதியது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மாலையில் எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை.

அதன் பிறகே இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று 2018 மே மாதத்திலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் உத்தரவிட்டிருக்கிறார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அதை மாநிலங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியது. 2020-இல் வெளியான பள்ளிப் பைக் கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரை நாளொன்றுக்கு அதிகபட்சம் 1 மணி நேரமும் போதும் என்கிறது. மிகச் சிறிய குழந்தைகளை, மாலைப் பொழுதை எப்படிக் கழித்தார்கள், என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று வகுப்பில் பேசச் சொல்லலாம் என்றும் அதில் இருக்கிறது. இவ்வளவும் ஏட்டில் இருக்கும்போது, என் மகளின் டைரியில் மட்டும் நாள்தோறும் மூன்று பாடங்களுக்கு வேலை இருந்தது.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவின் மாலை நேரத்தை அறிந்தவர்கள், இது பள்ளிக்கும் குழந்தைக்கும் இடையிலான சிக்கல் மட்டுமன்று என்பதை ஒப்புக்கொள்வார்கள். மாலை ஆறு மணிக்கு எழுத்தறிந்த பெரியவர் ஒருவர் ஓய்வாக வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணித்தான் வீட்டுப்பாடம் தரப்படுகிறது. துறைமுகத்தில் சுமை தூக்குபவரும், ஆட்டோ ஓட்டுபவரும், கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் பார்க்கும் தாய்மாரும் வாழும் தெருவில் அப்படி ஒருவர் பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஆகவே மாதம் 500 ரூபாய் கொடுத்து டியூஷன் அக்காவிடம் அனுப்புகிறார்கள். அங்கே ஒரே கூடத்தில் இருபது பிள்ளைகள் தத்தம் நோட்டை நிரப்பிக்கொண்டு திரும்புகிறார்கள். வீட்டுப்பாடம் என்று பெயர் பெற்றது வீட்டில் நடப்பதே இல்லை.

இருந்தும், வீட்டுப்பாடம் தராத பள்ளியை நம்ப மறுக்கும் பெற்றோர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை, “எனக்குப் படிக்கத் தெரியாது. நோட்டு ரொம்பினாத்தான் புள்ள ஏதோ கத்துக்குதுன்னு எனக்குத் தெரியும்” என்றார். அந்தக் கவலை உண்மையானது. ஆனால் நிரம்பிய நோட்டு அதற்கு விடையாகாது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட கட்டுரை, வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல் வகுப்புகளில் வலுவாகவும் தொடக்க வகுப்புகளில் மிக மெலிந்தும் இருப்பதாகச் சொல்கிறது. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன் கணக்குப் போட்டுப் பழகத்தான் வேண்டும்; அவனுக்கு நான் விலக்குக் கேட்கவில்லை.

மகளுக்கு வேறு வழி தேடியபோது கைகொடுத்தது மொட்டை மாடியும் ஒரு டப்பா புளியங்கொட்டையும்தான். பல்லாங்குழிப் பலகை எங்களிடம் இல்லை. சாக்பீஸால் ஏழேழாக இரண்டு வரிசை வட்டங்கள் வரைந்து, வட்டத்துக்கு ஐந்து கொட்டை வீதம் வைத்தோம். மொத்தம் 70 வருவதை முதல் நாள் ஒவ்வொன்றாக எண்ணினாள். மூன்றாம் நாள் ஐந்தைந்தாகத் தாவினாள். நான்கு கொட்டை சேர்ந்த குழியைப் ‘பசு’ என்று அள்ளிக்கொள்வதற்காக, அடுத்த சுற்று எங்கே போய் முடியும் என்று விரலை வைத்து முன்கூட்டியே கணக்கிடவும் பழகிக்கொண்டாள். என்னை மிகவும் வியக்க வைத்தது ஆட்டம் முடிந்த பிறகு நடந்தது. அவளிடம் 23 கொட்டைகளே மிஞ்சியிருந்தன. தோற்றவர் தம்மிடம் உள்ளதைக் கொண்டு ஐந்தைந்தாக எத்தனை குழிகளை நிரப்ப முடியுமோ அத்தனையை நிரப்பி, மற்றவற்றை அடைத்துவிட்டு ஆட வேண்டும். அவள் நான்கு குழிகளை நிரப்பி, மீதி மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “இது எந்தக் குழிக்கும் பத்தாது” என்றாள். மீதி வரும் வகுத்தலை எந்த நோட்டும் அவளுக்கு இன்னும் காட்டியிருக்கவில்லை.

அடுத்த ஆசிரியர் என் அம்மா. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துப் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்பவர். பள்ளிக்குப் போனவர் அல்லர். அவர் கூடையை இறக்கி வைத்த பிறகு, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்கிறாள். கூடை 1,200 ரூபாய், 15 கூறு, கூறு 100 ரூபாய், ஆட்டோவுக்கு 100, ஐஸுக்கு 40. “அப்போ 160 தானா ஆயா?” என்று அவள் கேட்ட மாலையில், அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆமாண்டி, அவ்ளோதான்” என்றார். உழைப்புக்கும் வருமானத்துக்கும் உள்ள உறவை அந்தக் கழித்தலில் அவள் கண்டுகொண்டாள் என்றே நம்புகிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஆயா ஏன் பெரிய மீன் கொண்டுவருவதில்லை என்ற கேள்வி, மீன்களின் இனப்பெருக்கத்திலிருந்து நாட்காட்டிக்குப் போனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. சுவர்க் காலண்டரில் 16, 31, 14 என்று தனித்தனியே எண்ணிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

கேரமும் வீட்டுக்குள் வந்திருக்கிறது. வட சென்னையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதிலிருந்து மகன் போர்டு கேட்டுக்கொண்டிருந்தான். மதிப்பெண் எழுதும் பொறுப்பு இப்போது தங்கையுடையது.

சென்ற மாதம் டைரியில் ஆசிரியைக்கு ஒரு பக்கம் எழுதினேன். அன்று நானே எழுதிய வரிகளைப் பற்றியும் அதில் மறைக்காமல் சொன்னேன். பள்ளியின் விதியைத் தம்மால் மாற்ற இயலாது என்றும், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எழுத்து வேலைக்குப் பதிலாக ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் கண்டதை வகுப்பில் சொல்லட்டும் என்றும் அவர் பதில் எழுதியிருக்கிறார். நாளை என் மகளின் முறை. நெத்திலியைப் பற்றிப் பேசப்போகிறாளாம். சற்று முன்பு வரை ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை மட்டும் ஏன் கிள்ளி எறிகிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.