கடவுளை நம்பாதவனின் ஆயுத பூஜை

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆயினும் நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் வரும் ஆயுத பூஜையை நான் தவறவிடுவதில்லை. கோவையின் லேத் பட்டறைகளில் அன்று இயந்திரங்களை நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஸ்பேனர் முதல் வெர்னியர் வரை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறார்கள். பொரியும் பொட்டுக்கடலையும் முதலாளிக்கும் உதவியாளருக்கும் ஒரே தட்டிலிருந்துதான் வருகின்றன. மந்திரங்கள் என்னை அசைப்பதில்லை (சொல்பவருக்கும் பெரும்பாலும் அவசரம்தான்). ஆனால், ஆண்டு முழுவதும் நமக்காக உழைக்கும் கருவிக்கு ஒரு நாள் ஓய்வளித்து, அதன் தேய்மானத்தையும் விரிசலையும் நின்று பார்க்கவைக்கும் இவ்வழக்கத்திற்குத் தெய்வம் எதுவும் தேவைப்படவில்லை. திருஷ்டிப் பூசணிக்காயைச் சாலையில் உடைத்து, இருசக்கர வாகனங்கள் வழுக்கி விழ வழிசெய்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பட்டறை வாசலில் உடைத்ததை உடனே கூட்டி அள்ளச் சொல்லிவிடுகிறேன்.