நிணநீர் மசாஜ்: அழுத்தினால் வேலைக்கு ஆகாது

சென்னை ஸ்பாக்களின் விலைப்பட்டியலில் ‘லிம்ஃபாட்டிக் டிரெயினேஜ்’, அதாவது நிணநீரை வடிய விடும் மசாஜ், என்ற வரியை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கலாம். ஆனால் படுக்க வைத்து, எண்ணெய் ஊற்றி, கெண்டைக்காலைக் கட்டைவிரலால் நசுக்கினால் அது வேறு மசாஜ். உடம்பு வலிக்கு சுகமாக இருக்கும், நிணநீருக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘நல்லா அழுத்திப் பிடிங்க’ என்று சொல்லியே பழகிய நமக்கு இதை ஒப்புக்கொள்வது கஷ்டம்தான்.

மெல்லிய ரத்த நாளங்களிலிருந்து நாள் முழுக்க நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதைப் புரதத்தோடு சேர்த்து அள்ளி மறுபடி ரத்தத்தில் விடுவது நிணநீர்க் குழாய்களின் வேலை. குழாய்க்குள் போன அந்த நீர்தான் நிணநீர். ஒரு நாளைக்குச் சுமார் 2 முதல் 3 லிட்டர். இதயம் மாதிரி தனி பம்ப் இதற்குக் கிடையாது. குழாய்கள் தாமாகவே மெல்லச் சுருங்கும், உள்ளே இருக்கும் வால்வுகள் நீரைப் பின்னால் விடாது, நடையும் மூச்சும் கூடவே தள்ளிவிடும். இந்தப் பாதை தொடங்குவது தோலுக்கு நேர் கீழே. அங்குள்ள குழாய்களின் சுவரை நுண்ணிய இழைகள் சுற்றியுள்ள சதையோடு பிணைத்திருக்கின்றன. தோலை லேசாக இழுத்தால் இழைகள் இழுபட்டுக் குழாயின் வாய் திறக்கும், நீர் உள்ளே போகும். பலமாக அழுத்தினால் வாய் மூடிக்கொள்ளும். அதோடு அங்கே ரத்த ஓட்டம் கூடி, புதிதாக நீர் கசியவும் வாய்ப்பு உண்டு.

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதி 1930-களில் பிரான்சில் இருந்தபோது இந்த மென்மையான முறையை வகுத்தார்கள். 1936-ல் பாரிசில் அதை அறிமுகப்படுத்தினார்கள். இன்று பிசியோதெரபிஸ்டுகள் செய்வது பெரும்பாலும் அதன் வழி வந்ததுதான்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், இது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். கால் நீர் போகும் வழி அதுதான். கையின் நீர் அக்குளுக்கும், முகத்தின் நீர் கழுத்துக்கும் போகும். கடைசியில் இரண்டு கால், வயிறு, இடது கை, தலையின் இடது பக்கம் எல்லாம் இடது கழுத்தெலும்புக்குப் பின்னால் ரத்தக்குழாயில் கலக்கும். வலது கை, தலையின் வலது பக்கம், வலது மார்பு ஆகியவை வலப்புறம் கலக்கும். ஆகவே வீக்கம் கணுக்காலில் இருந்தாலும் கை வைக்க வேண்டிய முதல் இடம் கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழி. எடுத்த எடுப்பில் கணுக்காலிலிருந்து மேலே தள்ளுவது, கத்திப்பாராவில் வண்டி நகராதபோது பல்லாவரத்தில் நின்று ஹாரன் அடிப்பது மாதிரி.

அழுத்தம் எவ்வளவு என்று கைக்குத் தெரிய ஒரு சோதனை. கண்ணை மூடி இமைமேல் விரலை வைத்துப் பாருங்கள், எவ்வளவு அழுத்தம் தாங்குகிறதோ அவ்வளவுதான். பிறகு உள்ளங்கையை முன்னங்கையில் தட்டையாக வைத்து நகர்த்துங்கள். கை தோல்மேல் வழுக்கக் கூடாது, தோல் கையோடு நகர வேண்டும். அது நகரும் எல்லைவரை போய், விட்டுவிடுங்கள். விடும்போது குழாய் மறுபடி நிறைகிறது, அந்த இடைவெளியை அவசரத்தில் விழுங்கிவிடாதீர்கள். எண்ணெய் போட்டால் கை வழுக்கும், தோல் நகராது. நல்லெண்ணெயைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் கை ஒட்டினால் துளி பவுடர் போதும்.

கால் வீக்கத்துக்கான வரிசை இது. சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும், மல்லாந்து படுத்து, கெண்டைக்காலுக்கு அடியில் இரண்டு தலையணை. மூக்கால் இழுத்து வயிறு உப்பும்படி ஐந்து முறை ஆழ்ந்த மூச்சு. வயிற்றுக்குள் ஏறி இறங்கும் அழுத்தமே பெரிய நிணநீர்க் குழாயைப் பிழிந்து விடும், இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் காலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அடுத்து இரண்டு கழுத்தெலும்புக் குழிகளிலும் விரல் பட்டைகளை வைத்து, உள்நோக்கி மெதுவாக 10 வட்டம். பிறகு தொடை இடுக்கு. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து வயிற்றுப் பக்கமாகத் தோலை இழுத்து இழுத்து விடுங்கள், 10 முறை. இப்போது தொடை. முழங்காலிலிருந்து ஆரம்பிக்காமல், இடுக்கை ஒட்டிய மேல் தொடையை முதலில் 5 முதல் 7 முறை, பிறகு நடுத்தொடை, பிறகு கீழ்த்தொடை. ஒவ்வொரு இடத்திலும் இழுவை மேல்நோக்கி, கை இறங்குவது மட்டும் கீழ்நோக்கி. இந்த இரண்டும் குழம்புவதுதான் வழக்கமான தப்பு. முழங்கால் மடிப்பில் இரண்டு கை விரல்களையும் கொடுத்து 7 முறை. கெண்டைக்கால், கணுக்காலின் இருபுற எலும்பைச் சுற்றி, புறங்கால். முடித்ததும் அதே வழியில் கீழிருந்து மேலே நீளமாக நீவிக்கொண்டு இடுக்குவரை வந்து நிறுத்துங்கள். ஒரு காலுக்குப் பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முகத்துக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். கழுத்தெலும்பு, பிறகு காதுக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டு, பிறகு தாடையிலும் கன்னத்திலும் நடுவிலிருந்து காதுப் பக்கமாக. கழுத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே சமயம் அழுத்தவே கூடாது, வயதானவர்களுக்கு நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். தைராய்டு கூடுதலாக உள்ளவர்கள் கழுத்தை விட்டுவிடலாம்.

இனி, யார் கையே வைக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் அது ரத்த உறைவாக இருக்கலாம். நீவினால் உறைந்த கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. அன்றைக்கே டாக்டர். சிவந்து பரவி, குளிர் காய்ச்சலும் வந்தால் தோலுக்கடியில் தொற்று. இரண்டு காலும் வீங்கி, தட்டையாகப் படுத்தால் மூச்சு திணறுகிறது என்றால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். இவர்களுக்குக் கால் நீரை உள்ளே தள்ளுவது பலவீனமான இதயத்தின்மேல் இன்னும் சுமை ஏற்றுவது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கும் கணுக்கால் வீங்கும். அதற்கு மசாஜ் பதில் இல்லை, மருந்து எழுதிக் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

‘டாக்ஸின் வெளியேறும், எடை குறையும்’ என்பதை அப்படியே தள்ளிவிடலாம். கழிவை வெளியேற்ற கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. தராசில் குறைவது தண்ணீர், இரண்டு வேளை சாப்பாட்டில் திரும்பி வரும். ஆரோக்கியமான உடம்புக்கு இந்த மசாஜ் தருவது கால் பாரம் இறங்கிய உணர்வும் நல்ல தூக்கமும். அதுவே குறைவில்லை, அதற்குமேல் கதை வேண்டாம்.

சும்மா சொல்லக் கூடாது, தினசரி வீக்கத்துக்கு மசாஜைவிட வேலை செய்வது கெண்டைக்கால் தசைதான். தி.நகர் கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்கள், ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் நாள் முழுக்க உட்காருபவர்கள், இருவருக்கும் ஒரே பிரச்சினை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தையே திருத்தியாயிற்று. உட்கார்ந்தால் மட்டும் போதாது, மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கி இறக்குவது 20 தடவை செய்ய வேண்டும். கத்திரி வெயிலில் நாளங்கள் விரிந்து நீர் கூடுதலாகக் கசியும், ஆகவே மே மாதத்தில் இதை இரட்டிப்பாக்கலாம். நீச்சல் தெரியாதவர்கள்கூட நெஞ்சளவுத் தண்ணீரில் நடக்கலாம். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம். வீக்கத்துக்குப் போடும் சாதாரண இறுக்கக் காலுறைகள் அவ்வளவு இறுக்கம் தராது.

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்தவர்கள், யானைக்கால் வந்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு வழியே அடைபட்டிருக்கும், நீரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்தான் காட்ட வேண்டும். மசாஜ் அங்கே பாதி வேலைகூட இல்லை. கட்டு அல்லது அளவெடுத்த இறுக்க உறை, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. மழைக்காலத்தில் தெருத் தண்ணீரில் நடந்துவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி ஈரம் போக உலர்த்துவது மசாஜைவிட முக்கியம். பெரும்பாலும் சேற்றுப்புண் வழியாகத்தான் கிருமி நுழையும், ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டே போகும்.

முன்னேற்றத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். தையல்கார டேப் ஒன்று வாங்கி, கணுக்கால் எலும்புக்கு 10 செ.மீ. மேலே பேனாவால் புள்ளி வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். வீங்கிய இடத்தைக் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்தி எடுங்கள், குழி விழுகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். குழி விழாமல், இரண்டாவது கால்விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கவும் முடியவில்லை என்றால் அது நிணநீர் வீக்கத்தின் அடையாளம். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.