ஜீன் ஆட்ரிக்கு ஒரு நட்சத்திரக் கல்: பட்டறை நாட்குறிப்பு

மார்ச் 3, 2025

கலைஞர்களின் பெயரை நட்சத்திரக் கற்களாகப் பதிக்கும் ஹாலிவுட் நடைபாதையின் (வாக் ஆஃப் ஃபேம்) பழைய ஐந்து பிரிவுகளிலும் நட்சத்திரம் பெற்ற ஒரே ஆள் ஜீன் ஆட்ரி. 1907-ல் டெக்சஸில் பிறந்து, கையில் கிட்டாரும் தலையில் கௌபாய் தொப்பியுமாகக் கன்ட்ரி பாட்டை வானொலியிலும் திரையிலும் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவர். ஹாலிவுட் புலிவாரில் அவருடைய கற்கள் 6384-ம் எண்ணில் தொடங்கி 7000 வரை சிதறிக் கிடக்கின்றன. மேடைப் பிரிவுக்கான ஐந்தாவது, 1987-ல் பதித்தது. ஐந்திலும் பெயர் ஒன்றே. கீழே உள்ள வட்டச் சின்னம்தான் மாறும். கேமரா, தொலைக்காட்சிப் பெட்டி, இசைத்தட்டு, மைக், நாடக முகமூடிகள்.

இங்கே வார்ப்பது இசைத்தட்டுச் சின்னம் வைத்த பயிற்சிக் கல். அளவு மட்டும் அசலேதான்: 3 அடிக்கு 3 அடி. நட்சத்திரத்தின் முனை நடுப்புள்ளியிலிருந்து 40 செ.மீ.

1958 ஆகஸ்டில் ஹைலேண்ட் சாலை முனையில் எட்டு மாதிரிக் கற்களைப் பதித்துப் பார்த்த பிறகுதான் ஹாலிவுட்டில் நடைபாதை வேலையைத் தொடங்கினார்கள். முதலில் யோசித்தது கேலிச்சித்திர முகங்கள், பழுப்பு, நீலம். முகங்களுக்குச் செலவும் சிரமமும் அதிகம் என்று கைவிட்டார்கள். நல்லதாயிற்று. பவளச் சிவப்பும் கரியும் போல வெயிலில் எடுப்பாகத் தெரியும் ஜோடி வேறில்லை.

மார்ச் 5

இந்தக் கற்கள் டெராசோ வேலை. டெராசோ என்பது நம் பழைய வீடுகளின் மொசைக் தரைதான். அடித்தளம் 5.5 செ.மீ., மேல்பூச்சு 1.5 செ.மீ. சிமென்ட் ஒன்றுக்கு மணல் நான்கு, நடுவில் கம்பி வலை. அசல் கல்லின் எடை சுமார் 136 கிலோ என்பார்கள். இந்தத் தடிமனுக்குக் கணக்கும் அங்கேதான் வந்து நிற்கிறது.

அடித்தளம் முழுதாக இறுகுமுன் பித்தளையை நிறுத்த வேண்டும். விளிம்புப் பட்டை, ஒன்பது எழுத்து, சின்னம். எழுத்தின் பின்புறம் கால் பற்றவைத்திருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டியது இரண்டு கோடைகூடத் தாங்காது. விலை குறைவு என்று அலுமினியப் பட்டை வாங்கக் கூடாது. ஈர சிமென்டின் காரம் அதை அரித்துவிடும்.

மார்ச் 6

நட்சத்திரத்துக்குப் பவளக் கலவை: வெள்ளை சிமென்ட் 2.5 கிலோ, பளிங்குச் சில்லு 5.3 கிலோ, தண்ணீர் 1.1 லிட்டர், சிவப்பு ஆக்சைடு 12 கிராம். சாயம் அளவு மீறினால் கலவையின் வலு குறையும்.

தவறு நடக்கும் இடம் எழுத்துகளுக்குள்ளேதான். ஆங்கிலத்தில் ஆட்ரி என்ற பெயரின் முதல் எழுத்தின் உள்ளே ஒரு சின்ன முக்கோணம் அடைபட்டிருக்கிறது. நான்காவது எழுத்திலும் அதேபோல் ஒரு வளைவு. பெரிய சில்லு உள்ளே போகாது. வெறும் சிமென்ட் பால் தேங்கும், அடியில் காற்று நிற்கும், அரைத்ததும் குண்டூசித் துளைகள் தெரியும். அங்கே பொடிச்சில்லைக் குச்சியால் குத்திக் குத்தி இறக்கினோம். நட்சத்திரத்தின் ஐந்து முனைக்கும் அதேதான். முனையில் சில்லு இல்லாவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

பூச்சு பித்தளைக்கு மேல் 2 மி.மீ. நிற்கிறது. ஈரச்சாக்கு போட்டாயிற்று.

மார்ச் 7

நட்சத்திரத்தைச் சுற்றிக் கரிநிறம்: சாம்பல் சிமென்ட் 8 கிலோ, கருஞ்சில்லு 17 கிலோ, தண்ணீர் 3.5 லிட்டர், கறுப்பு ஆக்சைடு 160 கிராம். வெளிர்நிறம் முதலில், கறுப்பு மறுநாள். மாற்றிச் செய்தால் பட்டையின் அடியில் கரிய பால் கசிந்து பவளத்தின் ஓரத்தில் நிழல் போல ஏறும், அரைத்தாலும் போகாது.

மார்ச் 14

ஏழு நாள் சாக்கு நனைந்தே இருந்தது. சொரசொரப்பான 24-ம் எண் அரைகல்லால் முதல் அரைப்பு, பிறகு அதைவிட நைசான 80. தண்ணீர் விட்டுக்கொண்டே அரைக்க வேண்டும், சேற்றை உடனுக்குடன் வழித்துவிட வேண்டும். பித்தளைத் துகள் பவளத்தின் துளைகளில் ஏறினால் மினுக்காகத் தங்கிவிடும். எழுத்துகள் மெல்ல வெளியே வந்தன.

நாணயத்தால் தட்டிப் பார்த்ததில் வலது கீழ்மூலை டொக்கென்றது. அடித்தளத்துக்கும் பூச்சுக்கும் நடுவே பிடிப்பில்லை. அந்த மூலையில் சிமென்ட் பால் தடவியது காய்ந்த பிறகு கலவை விழுந்திருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். ஆனாலும் தெருவுக்கு அனுப்பும் கல்லாக இருந்தால் இதை உடைத்துப் போட வேண்டியதுதான். ஒட்டுப் போட்டால் சில்லும் சாயமும் ஒருநாளும் பழையதோடு சேராது.

அதே நிறச் சிமென்ட் பால் தேய்த்துத் துளைகளை அடைத்தாயிற்று. மூன்று நாளாவது காய வேண்டும்.

மார்ச் 18

120-ம் எண் கல்லோடு அரைப்பை நிறுத்தியாயிற்று. வீட்டுத் தரை போல முகம் தெரிகிற பாலிஷ் நடைபாதைக்கு ஆகாது. மழையில் ஆள் வழுக்கி விழுவார். பிறகு உள்ளுறிஞ்சும் சீலர் ஒரு கை.

பித்தளை என்றதும் புளியைத் தேடும் கை நமக்கு. இங்கே வேண்டவே வேண்டாம். சில்லு பளிங்கு, புளியோ எலுமிச்சையோ வினிகரோ பட்டால் அரித்துச் சொரசொரப்பாகும். காரமும் புளிப்பும் இல்லாத சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவு போதும்.

மார்ச் 22

இனி நடைபாதையில் கல்லைப் பதிக்கும் விதம். சூடு ஏறினால் பித்தளை காங்கிரீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 90 செ.மீ. பட்டையில் 30 டிகிரி மாற்றத்துக்குக் கால் மி.மீ. வித்தியாசம். வருடக்கணக்கில் அது நடந்தால் ஓரம் தளரும், தண்ணீர் இறங்கும். அதோடு மர வேர், நிலநடுக்கம். 2008-ல் ஹாலிவுட்டில் எல்லாக் கற்களையும் சோதித்துத் தரம் பிரித்தபோது 778 கற்களுக்குப் பழுதுபார்ப்பு தேவைப்பட்டது. கல்லைச் சுற்றி 6 மி.மீ. இடைவெளி விட்டு, நெகிழும் சீலன்ட்தான் நிரப்ப வேண்டும். சாந்து பூசி இறுக்கினால் நடைபாதை தள்ளும்போது மூலை உடையும்.

பெயர்த்து வைக்கும் நாட்களில் காவலும் தேவை. கட்டுமான வேலை நடந்த இடத்திலிருந்து ஆட்ரியின் கல்லே ஒன்று களவு போயிருக்கிறது. 2005-ல் நடிகர் கிரெகரி பெக்கின் நட்சத்திரத்தைக் காங்கிரீட் ரம்பத்தால் அறுத்தே எடுத்துப் போனார்கள். மறு வருடம் புதிதாகப் பதித்தார்கள். பெயர்த்த கல்லின் பின்புறம் எண்ணும் தேதியும் உளியால் கொத்தி, பூட்டிய அறையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பித்தளை எழுத்து கீறும்.

நம் கல்லின் பின்புறம் இன்று காலை தேதி கொத்தியாயிற்று. வலது கீழ்மூலையில் மட்டும் உளியை வைக்கவில்லை.