11 நொடி ஜூமும் பேய்க்கு வந்த விக்கலும்

ஒன்பது வாரமாக என்னைப் படுத்தி எடுத்த ஷாட் நேற்று ராத்திரி வழிக்கு வந்தது. பழைய வீடியோ கேசட்டில் இருக்கும் ஒரு படத்தைக் கணினிக்கு மாற்றிச் சரிசெய்யும் வேலை இது, இன்னும் பாதிகூட ஆகவில்லை. இருந்தாலும் இதை எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க நெட்வொர்க் ஒன்றில் வந்த பேய் வீட்டுப் படம், தொலைக்காட்சிக்கென்றே எடுத்தது. அன்றைக்கு அங்கே யாரோ வீட்டு வி.சி.ஆரில் பதிந்த டி-120 (120 நிமிட) வி.எச்.எஸ். கேசட், எஸ்.பி. என்ற சாதாரண வேகம். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த நிமிடமே காப்பி கேட்பீர்கள். உரிமை என்னுடையது இல்லை, கொடுக்க முடியாது, வீண் மனஸ்தாபம்.

ஷாட் இதுதான். ராத்திரி. கேமரா புல்வெளியில் நிற்கிறது. மாடி ஜன்னலில் மங்கலாக ஒரு வெளிச்சம். அதை நோக்கி ஜூம் மெல்ல மெல்லப் போகிறது. 11 நொடி. கதவு திறக்காது, திரை அசையாது, ஒன்றுமே நடக்காது. இந்த வகைப் படங்களின் சரக்கே அதுதான். ரத்தம் காட்ட நெட்வொர்க் விடாது, செலவு செய்யக் கையில் காசு கிடையாது, படப்பிடிப்புக்கு நாளும் கிடையாது. மிச்சம் இருப்பது ஜூம், காற்று, படிக்கட்டு. 1970இல் ஏ.பி.சி.க்காக பார்பரா ஸ்டான்விக் நடித்த பேய் வீட்டுப் படமும் சரி, 1972இல் சி.பி.எஸ்.ஸுக்காக ஸ்பீல்பெர்க் எடுத்த பண்ணை வீட்டுப் படமும் சரி, இதே மூலதனத்தை வைத்துத்தான் வியாபாரம் செய்தன. 1989இல் என்.பி.சி.யில் வந்த நாலாவது அமிட்டிவில் படத்தில் பேய் ஒரு ஸ்டாண்டு விளக்கில் ஏறி இன்னொரு வீட்டுக்குக் குடிபோகும். சிரிக்காதீர்கள், எனக்கு அது பிடிக்கும்.

ஆக, ஜூம் வழுக்கிக்கொண்டு போனால்தான் பயம். என் கோப்பில் அது திக்கித் திக்கிப் போனது. சோதனைக்கு அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் தடவை பார்த்துவிட்டு அவள் கேட்டது: "ஏன்டா, பேய்க்கு விக்கலா?"

3:2 புல்டவுன் (நொடிக்குச் சுமார் 24 ஃபிலிம் ஃபிரேமைச் சுமார் 30 வீடியோ ஃபிரேமாக நீட்டும் முறை) பற்றி இங்கே வகுப்பெடுக்கப் போவதில்லை. ஐந்து வீடியோ ஃபிரேமில் மூன்று சுத்தம், இரண்டில் சீப்புப் பல் கோடு. ஃபீல்டுகளை (ஒரு ஃபிரேமின் ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் ஒன்று) சரியாகச் சேர்த்துக் கோட்டை எடுத்துவிட்டு, ஐந்தில் இரட்டையாக நிற்கும் ஒன்றைத் தூக்கினால் நொடிக்கு 23.976 ஃபிரேம் என்ற ஃபிலிம் வேகம் திரும்பக் கிடைக்கும். சுத்தமான டிவிடியில் ஃபீல்டு சேர்க்கும் டி.எஃப்.எம்.மும் இரட்டையைத் தூக்கும் டி.டெசிமேட்டும் (இரண்டும் மென்பொருள் கருவிகள்) இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடும். வி.எச்.எஸ்.ஸில், அதுவும் இருட்டுக் காட்சியில், ஆள் தடுமாறிவிடும். டி.டெசிமேட் பார்ப்பது எந்த இரண்டு ஃபிரேம் அதிகம் ஒத்துப்போகின்றன என்பதைத்தான். டேப்பின் இரைச்சல் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த ஜூமோ ஃபிரேமுக்கு ஒரு புள்ளி நகர்ந்தால் அதிகம். இரைச்சலின் வேறுபாடு அசைவின் வேறுபாட்டை முழுங்கிவிடுகிறது. விளைவு, உண்மையான ஃபிரேமைத் தூக்கிவிட்டு இரட்டையை விட்டுவைக்கும். ஒரு நிற்றல், ஒரு தாவல். அதுதான் அந்த விக்கல்.

இரைச்சலை முதலில் குறைத்துவிட்டுக் கணக்குப் போடச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் தேறியது. ஆனால் ஜன்னல் சட்டம் மெழுகு பூசியது போலாகி, வெளிச்சம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. கணக்குக்கு மட்டும் இரைச்சல் நீக்கிய பிரதி, வெளியீட்டுக்கு அசல் என்று பிரித்துக் கொடுத்தும் இரண்டு இடத்தில் விக்கல் நின்றபாடில்லை.

சரி, தானியங்கி வேண்டாம், கையாலேயே செய்வோம் என்று வாப்லி என்ற மென்பொருளில் உட்கார்ந்தேன். இந்த ஷாட்டுக்கு 330 வீடியோ ஃபிரேம், வெளியே வர வேண்டியது 264. ஒரு பிரிவு போட்டு, சிசிசிஎன்என் (சி என்றால் அப்படியே விடு, என் என்றால் அடுத்த ஃபிரேமின் ஃபீல்டோடு சேர்) என்று வரிசை கொடுத்து, ஓட விட்டேன். 186 வரை வெண்ணெய். 187இலிருந்து சீப்புப் பல். வரிசையே இடம் மாறிவிட்டது, ஷாட்டுக்கு நடுவில், ஒரு வெட்டும் இல்லாத இடத்தில்.

இந்த ஒரு ஃபிரேமில்தான் மூன்று வாரம் போயிற்று. நெட்வொர்க்கில் பிரிண்ட் அறுந்து ஒட்டியிருப்பார்களோ என்று நினைத்தேன். ஒட்டியிருந்தால் ஜூமில் ஒரு குதி தெரிய வேண்டும், இல்லை. டேப் மடிந்திருக்குமோ என்று கேசட்டின் மூடியைத் தூக்கி, விளக்குக்கு அடியில் அந்த இடத்தை விரலால் தொடாமல் ஓட்டிப் பார்த்தேன். விளிம்பில் லேசான அலை, அவ்வளவுதான். டேப்பைப் படிக்கும் ஹெட் மீதும் சந்தேகம் வந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி துணியை, ஹெட் பொருத்தியிருக்கும் டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மட்டும் கையால் சுற்றினேன். (காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேலும் கீழுமாகத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஹெட் பெயர்ந்த பிறகு என்னிடம் வந்து அழாதீர்கள்.) துணியில் ஒரு பழுப்புக் கோடு வந்தது. படம் பளிச்சென்று ஆனது. 187 அப்படியே இருந்தது.

கடைசியில் கை கொடுத்தது ரொம்பச் சாதாரண யோசனை. அதே பகுதியை இன்னொரு தடவை கேப்சர் செய்து (டேப்பிலிருந்து கணினிக்குப் பதிந்து) பார். இடறுவது அதே ஃபிரேமில் என்றால் குற்றம் டேப்பில். இடம் மாறினால் குற்றம் என் வீட்டில். இரண்டாவது கேப்சரில் வரிசை இடறியது 241இல்.

தலையில் அடித்துக்கொண்டு பழைய கேப்சரின் பதிவேட்டைத் (லாக்) திறந்தேன். அந்தப் பகுதியில் ஒத்திசைவுத் துடிப்பு (வரியும் ஃபிரேமும் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் சிக்னல்) பலவீனம், விளிம்பு அலையின் உபயம். அங்கே கேப்சர் கார்டு ஒரு ஃபிரேமை விட்டுவிட்டது. விர்ச்சுவல்டப் என்ற கேப்சர் மென்பொருள், சத்தம் பின்தங்காமல் இருக்க, பக்கத்து ஃபிரேமை நகலெடுத்துச் செருகி வைத்திருக்கிறது. மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது. பதிவேட்டில் "செருகியவை: 3" என்று முதல் நாளே இருந்தது. 95 நிமிடத்துக்கு மூன்றுதானே என்று நான்தான் அலட்சியமாக விட்டிருக்கிறேன்.

மூன்றாவது கேப்சருக்கு, டெக்குக்கும் (என் வி.சி.ஆர்.) கார்டுக்கும் நடுவில் பானசோனிக் இ.எஸ்.10 டிவிடி ரெக்கார்டரை வெறும் வழிப்போக்கனாக வைத்தேன். எஸ்-வீடியோ உள்ளே, எஸ்-வீடியோ வெளியே, பதிவு எதுவும் கிடையாது. அதனுள் இருக்கும் திருத்தி வளைந்த வரிகளை நிமிர்த்திவிடும். படம் கொஞ்சம் மழுங்குவது உண்மைதான், அதைச் சகித்துக்கொள்ளலாம். விர்ச்சுவல்டப்பில் ஃபிரேம் செருகும் வசதியை அணைத்தேன். விடுபட்டவை பூஜ்யம், செருகியவை பூஜ்யம். 330உம் ஒரே வரிசையில் நின்றன. 264 வெளியே வந்தன. ஜன்னல் சட்டத்தின் மூலை, திரையின் ஒரு பக்கத்திலிருந்து எண்ணெயில் வழுக்குவது போல வெளியே போனது. பதினாலு தடவை பார்த்தேன்.

பழைய டிவிடி ரெக்கார்டர் தேடுகிறவர்களுக்கு: தட்டுத் திறக்காத, லேசர் செத்த பெட்டியே இந்த வேலைக்குப் போதும், பழுது என்று சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள். ரிமோட் மட்டும் கேட்டு வாங்குங்கள், உள்ளீட்டு மெனுவில் சிலவற்றை ரிமோட் இல்லாமல் தொட முடியாது. டெக் விஷயத்தில் நான் ஏமாந்தேன். "ஹெட் புதுசு" என்று சொல்லி விற்றவர் ஹெட்டைத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. டெக்கின் ரப்பர் பெல்ட்டுகளைக் கலந்து கட்டிய பொட்டலமாக வாங்காதீர்கள். பழைய பெல்ட்டை இழுக்காமல் வட்டமாகக் கிடத்தி அளந்து, ஐந்து சதவீதம் குறைத்து வாங்கினால் எனக்குச் சரியாக உட்கார்ந்தது. அப்புறம், என்.டி.எஸ்.சி. (அமெரிக்க முறை) டேப்பை பி.ஏ.எல். (இந்திய முறை) டெக்கில் போட்டு, படம் ஓடுகிறதே என்று மகிழ்கிறவர்களுக்கு: வெளியே வருவது பி.ஏ.எல்.-60 என்ற கலப்புச் சிக்னல். டிவிக்குச் சரி, கேப்சர் கார்டுகள் பெரும்பாலும் அதைக் கண்டு முழிக்கும்.

மற்றபடி படத்தின் நிலவரம். மொத்தம் 8 விளம்பர இடைவேளை. மூன்றைத் தாண்டியிருக்கிறேன். ஒவ்வோர் இடைவேளையிலும் வரிசை மாறும், அது எதிர்பார்த்ததுதான், ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு போட்டால் தீர்ந்தது. எதிர்பாராதது பதிந்த ஆளின் கை. மனுஷன் விளம்பரம் வரும்போதெல்லாம் பாஸ் (பதிவை நிறுத்தி வைக்கும் பொத்தான்) அமுக்கியிருக்கிறார், சில தடவை தாமதமாக. நாலாவது இடைவேளையில் கதாநாயகி கத்துகிறாள், திரை இருள்கிறது, உடனே ஒரு பெண் சிரித்துக்கொண்டே சோப்பைத் தூக்கிக் காட்டுகிறாள், அரை நொடி, அவளும் போய்விடுகிறாள். ஆறாவதில் பாஸுக்குப் பதில் ஸ்டாப் அமுக்கிவிட்டார் போல. மறுபடி பதியத் தொடங்கும் இடத்தில் அழிக்கும் ஹெட் இன்னும் எட்டாத பழைய பதிவு அடியில் கிடக்கிறது. சில நொடி திரை முழுக்க வானவில் நெளிகிறது. பேய் வீட்டுப் படத்துக்குள் இன்னொரு பேய்.

இவற்றை வெட்டி எறியச் சொல்லி ஒரு நண்பர் சண்டை போடுகிறார். நான் வெட்டப் போவதில்லை. அலறல், இருள், விளம்பரம் என்று கணக்குப் போட்டு எழுதின கதை இது. இடைவெளியே இல்லாமல் ஒட்டினால், படம் எட்டுத் தடவை காரணமில்லாமல் மயங்கி விழுந்து எழுந்திருப்பது போல இருக்கும். "படம் தொடரும்" என்று நெட்வொர்க் போட்ட எழுத்துப் பட்டை இருக்கிறதே, அதுதான் இப்போதைய தலைவலி. கீழே படம் ஃபிலிம், மேலே எழுத்து அசல் வீடியோ, நொடிக்கு 59.94 ஃபீல்டும் தனித்தனி. படத்துக்குச் சரி செய்தால் எழுத்து கிழிகிறது, எழுத்துக்குச் சரி செய்தால் படம் திக்குகிறது. அந்த ஐந்தாறு நொடிகளை மட்டும் 59.94இலேயே விட்டு, மாறும் ஃபிரேம் வேகத்தில் சேர்க்கலாம் என்று யோசனை. இன்னும் தொடவில்லை.

ஏனென்றால் நேற்று ராத்திரி அக்காவுக்கு மறுபடியும் போட்டுக் காட்டினேன். 11 நொடியும் பேசாமல் பார்த்தாள். "ம், இப்ப விக்கல் இல்ல. ஆனா காத்து சத்தம் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு?" என்றாள்.

காதில் விழுந்ததற்கப்புறம் எனக்கும் வேறெதுவும் கேட்கவில்லை. பதிந்த டெக்கின் ஆடியோ ஹெட் சாய்வும் என் டெக்கின் சாய்வும் ஒத்துப்போகவில்லை. ஆக, எழுத்துப் பட்டையை அப்படியே போட்டுவிட்டு, காலையிலேயே டெக்கின் மேல்மூடியைக் கழற்றியாயிற்று. ஆடியோ ஹெட்டின் அசிமத் திருகு (சாய்வைத் திருத்துவது) தற்போது இருக்கும் இடத்தை மார்க்கரால் குறித்தும் வைத்துவிட்டேன். கால் சுற்றுக்கு மேல் போக மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.