பச்சை விளக்குக்குக் காத்திருந்தவன்

கால் மைல் தூரத்தை என் வேன் 15.26 நொடியில் கடந்தது. பக்கத்துத் தடத்தில் ஓடிய 1965ஆம் ஆண்டு பான்டியாக் ஜி.டி.ஓ. கார் அதே தூரத்துக்கு 15.42 நொடி எடுத்துக்கொண்டது. ஆனாலும் தோற்றது நான்தான். வென்றவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும், எண்பதை நெருங்கும் பெரியவர்.

மிச்சிகனில் ஆன் ஆர்பருக்குத் தெற்கே மைலன் என்ற சிற்றூரில் நேர்கோட்டுப் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. சில மாலைகளில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிக் கட்டணம் செலுத்தினால் யாரும் சொந்தக் காரை அங்கே ஓட்டிப் பார்க்கலாம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பெரியவர் விடவில்லை. குழந்தை இருக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் ஹோண்டா ஒடிசி வேனை வரிசையில் நிறுத்தச் சொன்னார். பின்னால் கிடந்த இட்லி அரிசி மூட்டையை இறக்க மறந்துவிட்டேன். அது இல்லாதிருந்தால் இன்னும் சற்று முன்னதாகவே போயிருப்பேன் என்று இன்றுவரை வீட்டில் சொல்லிவருகிறேன்.

ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் விளக்குக் கம்பத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். 1963 முதல் இருந்துவருகிறது. மூன்று மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிய, பிறகு பச்சை வரும். பழகியவர்கள் பச்சைக்குக் காத்திருப்பதில்லை. மூன்றாவது மஞ்சளைக் கண்டதுமே காலை அழுத்திவிடுவார்கள். கார் அசைந்து கோட்டைத் தாண்டுவதற்குள் பச்சை வந்துவிடும். ஓட்ட நேரம் சக்கரம் நகர்ந்த பிறகே எண்ணப்படுகிறது. விளக்கு எரிந்ததற்கும் வண்டி நகர்ந்ததற்கும் இடையே உள்ள தயக்கம் தனிக்கணக்கு. ஆனால் முடிவுக் கோட்டை முதலில் தொடுவதில் இரண்டும் சேரும். பெரியவருடைய தயக்கம் 0.21 நொடி, என்னுடையது 1.04.

கோவை காந்திபுரம் சிக்னலில் பத்து ஆண்டுகள் பைக் ஓட்டியவன் நான். குறுக்குச் சாலையின் விளக்கு மஞ்சளாகும்போதே கிளட்சை விட்டுவிடப் பழகிய கை இது. பச்சைக்காகக் காத்திருந்தால் பின்னால் நிற்கும் டவுன் பஸ் ஹாரனாலேயே நம்மைத் தள்ளிவிடும். இங்கே வந்த முதல் ஆண்டில், ஆளில்லாத தெருமுனையில் முழுதாக நிற்காமல் போனதற்கு அபராதம் கட்டினேன். அன்று முதல் நள்ளிரவிலும் நின்று, இரு பக்கமும் பார்த்து, மூன்று வரை எண்ணிவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஆறு ஆண்டுகளில் இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன் என்று உறவினர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமைக்கு ஏறத்தாழ ஒரு நொடி விலை என்று, ஓட்ட நேரங்களை அச்சடித்த சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் தோற்றதைவிட என்னை உறுத்தியது அவருடைய 15.42. கோவை கணபதியில் நாங்கள் வண்டி பழுதுபார்க்கும் பட்டறைச் சுவரில், பழைய இதழிலிருந்து கத்தரித்த அமெரிக்கக் கார்ப் படம் ஒன்று கிரீஸ் கறையோடு ஒட்டியிருக்கும். அம்பாசிடரையும் பத்மினியையும் தவிர வேறொன்றும் பார்த்திராத எங்களுக்கு அது மின்னல். அந்த மின்னலை, இட்லி அரிசியும் கருமாரியம்மன் பிரசாதமும் சுமக்கும் வேன் முந்துகிறதென்றால், இத்தனை ஆண்டுகளாக நான் எதை நம்பிக்கொண்டிருந்தேன்?

பெரியவர் பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பான்டியாக் என்ற கார்ப் பெயர் 2010இல் மறைந்தது. நகரம் இருக்கிறது, அங்கே நம் கருமாரியும் இருக்கிறாள். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் உட்வர்டு அவென்யூவைத் தொடுவோம். 1960களில் சனிக்கிழமை இரவுகளில் விளக்குக்கு விளக்கு கார்கள் சீறிய சாலை அதுதான் என்றும், கார் நிறுவனங்களின் பொறியாளர்களே அங்கே வந்து ஓட்டிப் பார்த்தார்கள் என்றும் அவர்தான் சொன்னார். என் ஏமாற்றத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அந்தக் காலத்தில் உட்வர்டில் நின்ற எல்லாக் கார்களும் 13 நொடிதான், சீட்டு கேட்டால் மட்டும் யாரிடமும் இருக்காது என்றார்.

அவர் சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1964ஆம் ஆண்டினுடையது. அந்த ஆண்டு மாடலாகத்தான் ஜி.டி.ஓ. வந்தது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்று பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே விதி போட்டிருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு, அதன் டெம்பெஸ்ட் காருக்கு விருப்பத் தேர்வாக 389 கன அங்குல எஞ்சினைக் கொடுத்து அந்த விதியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. பெயரையோ ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் அதை ஃபெராரியோடு ஒப்பிட்டு, கால் மைலை 13.1 நொடியில் கடந்ததாக எழுதியது. அந்தச் சோதனைக் காரில் இருந்தது 421 கன அங்குல எஞ்சின் என்பதைப் பான்டியாக்கின் விளம்பரத்தைக் கவனித்த ஜிம் வேங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். கடையில் வாங்கியவனுக்குக் கிடைத்தது 14, 15 நொடிகள்.

குதிரைத்திறன் கணக்கும் அப்படித்தான். பெரியவரின் காருக்கு 335 என்று எழுதியிருக்கிறது. என் வேனுக்கு 280. ஆனால் அன்றைய அளவை, காற்று வடிகட்டி, ஆல்டர்னேட்டர், காரின் புகைக்குழாய் எதுவுமில்லாமல் எஞ்சினை மட்டும் மேடையில் ஓட்டி எடுத்தது. எல்லாவற்றையும் பூட்டி அளக்கும் முறை 1972இல் வந்தபோது எண்கள் சட்டென்று இறங்கின. போதாததற்கு டயர்கள். நம் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்வார்களே, அந்த வகையில் குறுகலானவை. முதல் கியரில் சக்கரம் சுழன்று புகைதான் வரும், கார் வராது. பெரியவர் இன்றும் ரேடியல் டயர் போட மறுக்கிறார்.

உண்மையிலேயே வேகமான கார்களும் இருந்தன. அவற்றைக் குறைத்துச் சொன்னால் பாவம். 1968இல் வந்த 428 கோப்ரா ஜெட் மஸ்டாங் 13.56 நொடி. 1970இன் பியூக் ஜி.எஸ். ஸ்டேஜ் 1, 13.38. அந்த மஸ்டாங்குக்கும் 335 குதிரைத்திறன் என்றுதான் எழுதினார்கள். காப்பீட்டுக்காரரையும் பந்தயப் பிரிவுகளை வகுப்பவரையும் ஏமாற்ற, இருந்ததைவிடக் குறைத்து. ஏற்றிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும் ஒரே காலத்தில் ஒரே தொழிலில் நடந்திருக்கின்றன. இதை ஒரு பொறியாளனாக நான் கண்டிக்க வேண்டும். கண்டிக்க மனம் வரவில்லை.

ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த கதை. பொள்ளாச்சிப் பக்கம் என் மாமா ரேக்ளா வண்டி ஓட்டியவர். எங்கள் பகுதி ரேக்ளாவும் வளைவில்லாத ஓட்டம்தான்: 200 மீட்டர் அல்லது 300 மீட்டர், ஒரு வண்டி, இரண்டு காங்கேயம் காளைகள், முடிவுக் கோட்டில் கடிகாரம். நொடியின் பின்னத்துக்காக ஊரே கட்சி பிரிந்து நிற்கும். மாமாவின் செவலைக் காளை ஓடிய நேரம் ஒவ்வொரு பொங்கலுக்கும் கால் நொடி குறைந்துகொண்டே வந்தது. காளை செத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் குறைந்தது. அத்தை மட்டும் அடுப்படியிலிருந்து, போன வருடம் வேறு கணக்கு அல்லவா சொன்னீர்கள் என்று கேட்பார். சாணமும் புழுதியும் கலந்த அந்த வாசனையை, டயர் கருகும் நெடிக்கு நடுவே மைலனில் நின்றபடி நான் ஏன் தேடினேன் என்று தெரியவில்லை.

பெரியவர் தன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, காரின் கையுறைப் பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழிந்த பழைய காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். இளவயதில் இதே காரில் அவரே ஓடிய நேரம்: 15.1. அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் யாரிடமும் அதைக் குறைத்துச் சொல்லவில்லையாம். மாமா இருந்திருந்தால் இவரை ஏமாளி என்றிருப்பார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நொடிக் கணக்கில் அம்மாவுக்கு அக்கறை இல்லை. எத்தனை வண்டி ஓடியது, ஜெயித்தவருக்குத் தங்கக்காசு கொடுத்தார்களா, பைக் கொடுத்தார்களா என்று கேட்டார். ஒரு துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள் என்றேன். வண்டிக்கு ஒரு மாலைகூடப் போடவில்லையா என்றார்.