மாட்டுக் கொட்டகைக்கு ஃபாகர்: 12 வோல்ட் மோட்டாரில் செய்து பார்த்தது

ஃபாகர் என்பது தண்ணீரைப் பனிபோல் தூவி, அது ஆவியாகும்போது காற்றைக் குளிர வைக்கும் சிறு நாசில். கொட்டகை 30-க்கு 15 அடி. இரண்டு பக்கமும் திறந்தது, மேலே சிமெண்ட் ஷீட், உள்ளே கலப்பின ஜெர்சி ஆறு. ஈரோட்டுப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்குப் போட்ட கணக்கு இது. கடலோரக் கொட்டகைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

நான்கு வாய் ஃபாகர் ஒன்று 4 கிலோ அழுத்தத்தில் மணிக்கு 28 லிட்டர் விடும். ஆறு ஃபாகருக்கு 168 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 2.8 லிட்டர். மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்கிற 12 வோல்ட் டயாபிராம் மோட்டார் இதற்குப் போதும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர், தடையில்லாமல் ஊற்றும்போது வருவது. மோட்டார் வாயில் பிரஷர் மீட்டரும் அதற்கடுத்து ஒரு வால்வும் மாட்டி, முள் 4-ல் நிற்கும்வரை வால்வை மூடிக்கொண்டு, ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளக்க வேண்டும். 3 லிட்டருக்குக் கீழே வந்தால் ஃபாகரைக் குறையுங்கள், அல்லது இரட்டை மோட்டார் போடுங்கள்.

ஈரத்தில் நிற்கிற மாட்டுக்குப் பக்கத்தில் 230 வோல்ட் மோட்டார் வேண்டாம் என்றுதான் 12 வோல்ட். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பெட்டி தனி அறையில் இருக்கட்டும். அந்த அறை 30 அடி தள்ளி இருந்தால், 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 5 ஆம்பியர் போகும்போது ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். முள் 4-க்கு ஏறாமல் முக்கும். 4 ஸ்கொயர் ஒயர் போட்டால் சரியாகிவிடும். மின்விசிறி லைனுக்கு கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

முதலில் போட்டது சொட்டுநீருக்கு வாங்கும் மெல்லிய லேட்டரல் குழாய். அது குறைந்த அழுத்தத்துக்குச் செய்தது. வெயிலில் இளகி, கனெக்டரைக் கக்கிவிட்டது. மாற்றிப் போட்டது அரை இஞ்ச் யூபிவிசி, ஒவ்வொரு ஃபாகருக்கும் திருகு டீ. வரிசை இப்படி: கறுப்பு 200 லிட்டர் டிரம், சல்லடை, மோட்டார், 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர், பைப், கடைக்கோடியில் எண்ட் கேப். பிரஷர் மீட்டர் நிரந்தரமாக இருக்க வேண்டிய இடம் கடைசி ஃபாகர் பக்கம்தான். மோட்டார் பக்கம் 4 காட்டி, கடைசியில் 3 இருந்தால் அங்கே பனி வராது, தூறல்தான் விழும்.

மோட்டார் டக் டக் என்று விட்டு விட்டு ஓடினால் பழுதில்லை. ஃபாகர் குடிப்பதை விட மோட்டார் அதிகம் தள்ளுகிறது; அழுத்தம் ஏறி உள்ளே இருக்கும் சுவிட்ச் வெட்டுகிறது. டிரம்முக்கே திரும்புகிற ஒரு பைபாஸ் வால்வு வைத்து, முள் 4-ல் நிலைக்கும்வரை திறந்தால் சத்தம் அடங்கும். ஃபாகர் வாங்கும்போது சொட்டுத் தடுப்பு வால்வு சேர்ந்ததாகக் கேளுங்கள். அது இல்லையென்றால் மோட்டார் நின்ற பிறகு பைப்பில் மிச்சமுள்ளதெல்லாம் தீவனத் தொட்டியில் சொட்டும். நனைந்த தீவனம் பூசணம் பிடிக்கும்.

சைக்கிளிக் டைமர்: 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நிறுத்தம். மணிக்கு 12 நிமிடம்தான் ஓடுகிறது, சுமார் 34 லிட்டர். அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியானால் 22 கிலோவாட் வெப்பத்தை இழுக்கும், ஒன்றரை டன் ஏசி நான்குக்குச் சமம். திறந்த கொட்டகையில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும் என்றாலும், மாடு நிற்கிற இடத்தில் கிடைக்கிற பங்கே நல்ல வித்தியாசம் காட்டும். நான்கு நிமிட இடைவெளி மோட்டாருக்கும் வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் கை வைக்க முடியாத சூடு ஏறும்.

இனி கடலோரக் கதை. மாட்டுக்கு எவ்வளவு வெக்கை என்று காட்டும் வெப்பநிலை ஈரப்பதக் குறியீட்டுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: உலர் வெப்பத்தையும் (சாதாரண வெப்பமானி காட்டுவது) ஈரக்குமிழ் வெப்பத்தையும் (குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) கூட்டி, 0.72-ஆல் பெருக்கி, 40.6 சேர்க்க வேண்டும். 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குச் சிரமம் தொடங்கும். 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் 24, குறியீடு 85. 33 டிகிரி, 75 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 29, அதுவும் 85. மாட்டுக்கு இரண்டும் ஒரே வேதனை. ஆனால் பனித்தூறலால் காற்றை ஈரக்குமிழ் அளவு வரைதான் இறக்க முடியும். முதல் இடத்தில் இறங்க 14 டிகிரி இருக்கிறது, இரண்டாவதில் வெறும் 4. அங்கே ஃபாகர் போட்டால் புழுக்கம்தான் கூடும். பெரிய துளியாக முதுகை நனைத்து, பெரிய மின்விசிறியால் காய வைப்பதுதான் அங்கே வழி.

உள்நாட்டிலும் மின்விசிறி இல்லாமல் ஃபாகர் மட்டும் போடாதீர்கள். மாட்டின் விலாவை உற்றுப் பாருங்கள். முடி நுனியில் வெள்ளை வெள்ளையாகப் பனி ஒட்டியிருக்கும். விரலால் முடியை விலக்கினால் தோல் காய்ந்து சுடும். அந்த ஈரப் போர்வை உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. விசிறியை 8 அடி உயரத்தில் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, காற்று போகும் பக்கம் 2 அடி முன்னால் ஃபாகர் தொங்க விடுங்கள். விசிறிக்குப் பின்னால் வைத்தால் ஈரம் அதன் மோட்டாருக்குள் போகும். தரையில் தண்ணீர் தேங்கினால் ஓட்ட நேரத்தை 40 விநாடியாகக் குறையுங்கள். ஈரத்தரையில் படுத்தால் மடிநோயும் குளம்பு அழுகலும் வரும்.

போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் ஃபாகர் வாயில் வெள்ளைப் படிவு கட்டும். ஊசி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ராத்திரி ஊற வையுங்கள். காலையில் பல் துலக்கும் பிரஷ் போதும். வாரம் ஒரு முறை எண்ட் கேப்பைத் திறந்து விட்டு, டிஸ்க்கையும் கழுவிவிடுங்கள்.

ஓட்ட வேண்டிய நேரத்தை விலா சொல்லும். மூச்சுக்கு அது ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குங்கள். மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டும் முன்பே தொடங்கிவிட வேண்டும். வாய் திறந்து இரைத்த பிறகு தொடங்கினால் தணிய வெகுநேரம் ஆகும். இங்கே காலை 10.30-க்கு ஆரம்பித்து, சாயங்காலக் கறவைக்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபாகரை நிறுத்துகிறோம். விசிறி மட்டும் ஓடும். மடி காய்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கறவை.